எண்ணெய்த் தலை

முத்துமீனாவுக்கு அந்தத் தொப்பியைக் கண்டாலே ஆகாது. கைக்குழந்தைக்குப் போடுகிற குல்லாய் மாதிரி இருக்கும். சட்டைப் பொத்தான் அளவில் அதில் வட்ட வட்டமாகத் தகடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர். அத்தனை ஒயரும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குப் போகும். மனுசன் மனசில் நினைப்பதை அது எடுத்துச் சொல்லிவிடுமாம். வாயைத் திறக்க வேண்டாம், விரலை அசைக்க வேண்டாம், நினைத்தால் போதுமாம். நினைத்ததையெல்லாம் வெளியே சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பழங்காநத்தத்தில் ஒரு குடும்பமாவது உருப்படுமா என்று அவள் கேட்டாள்.

தொப்பியைக் கொண்டுவருகிறவன் ஹரிஷ்குமார். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் மூளை சிக்னலைப் பற்றி ஆராய்ச்சி படிக்கிறான். சனிக்கிழமை தோறும் ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு வருவான். சந்துக்குள் வண்டி நுழையாது. குழாயடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவான். வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு பசையை எடுத்து, ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் வைப்பான். மரியாதையான பையன்தான். அவன் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் வந்த காரியத்தின் மேல்தான் வெறுப்பு.

கட்டிலில் கிடப்பவர் அவள் புருசன் முத்திருளன். கம்பி கட்டுகிற மேஸ்திரி. பைபாஸ் ரோட்டில் நிற்கிற பாதிக் கட்டடத்துக்குள் தன் கைப்பட முறுக்கிய கட்டுக்கம்பி இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொள்வார். ஒருநாள் கட்டுக்கம்பி முறுக்கும் கொக்கி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்புறம் கை, கால், நாக்கு, தொண்டை என்று ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தது. இப்போது மூச்சுக்குத் தொண்டையில் ஒரு குழாய், சாப்பாட்டுக்கு வயிற்றில் ஒரு குழாய். "இந்த நோய் அறிவைத் தொடாதும்மா. நீங்க பேசுறதெல்லாம் அவருக்குக் கேட்கும், புரியும்" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு மகள் தமிழ்வாணி சந்தோசத்தில் அழுதாள். முத்துமீனா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அன்று மூன்றாவது சனிக்கிழமை. ஹரிஷ்குமார் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இன்னைக்கும் தலையில எண்ணெ இருக்கு. எண்ணெ இருந்தா பசை ஒட்டாது, சிக்னல் வராது."

"எண்ணெ வைக்காம? பங்குனி வெயிலு, மேல சிமெண்டுச் சீட்டு. படுத்தே கெடக்குற ஒடம்பு தம்பி, தல கொதிக்குது. தொட்டுப் பாருங்க. நல்லெண்ண வைக்கலேன்னா கண்ணு அவிஞ்சு போகும்."

"சனிக்கெழமை மட்டும் விட்டுருங்களேன்."

"நல்லாருக்கே! ஆம்பளைக்குச் சனிக்கெழமதான எண்ணெ தேய்க்கிற நாளு? ஒங்க வீட்டுல தேய்க்க மாட்டாகளா?"

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மாவும் சனிக்கெழமன்னா விட மாட்டாங்கக்கா. சரி, தேச்சிட்டு சீயக்காய் போட்டு அலசி விட்டுருங்க."

"தலைக்கு ஊத்த ஆளு வேணும்ல. ஒத்த ஆளு எப்படித் தூக்குவேன்? ஈரத்துணியில தொடச்சுதான் விட்டேன்."

பசுமலையில் பிசியோதெரபி கடைசி வருசம் படிக்கிற தமிழ்வாணி, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தொப்பியைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவள்தான்.

"போன வாரமே சொன்னேன்லம்மா? என்னைய எழுப்பியிருந்தா நான் ஊத்தி விட்டிருப்பேன்ல?"

"ஒனக்குப் படிக்கிறதுக்கே நேரம் பத்தல" என்றாள் முத்துமீனா. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மடியில் கனம் இல்லாதவளாக இருந்தால் தானே முந்தி சீயக்காய் கரைத்து வைத்திருப்பாள். அவள் மடியில் கனம் இருந்தது. ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இரண்டு வருசமாக அந்தச் சோற்றையே உண்டுகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். முத்திருளனுக்கு அப்போது கண் இமை மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமா, இரண்டு தடவை என்றால் இல்லை. வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான். அந்தச் சமயத்தில்தான் அவர் தங்கச்சி முனீஸ்வரி, செக்கானூரணியிலிருந்து புருசன் சுருளியையும் கூட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் பழம், பூ வைத்துப் பெண் கேட்டு வந்தாள். மகன் சூரியபிரகாஷுக்கு மாமன் மகள் தமிழ்வாணி முறை. அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. "படிச்சது போதும் மதினி. வைகாசியில வச்சிருவோம். வந்து ஆடு மாட்டைப் பாத்துக்கிட்டு ராசாத்தியா இருக்கட்டும்" என்றாள்.

அவர்கள் ஆட்களில் அத்தை மகனுக்குப் பெண் இல்லை என்று லேசில் சொல்லிவிட முடியாது. சொன்னால் அது உடன்பிறந்தவன் வாயால் வர வேண்டும். கட்டி வந்தவள் சொல் அங்கே எடுபடாது. அண்ணன் மறுத்தால் தங்கச்சி அழுதுவிட்டு வாங்கிக்கொள்வாள். மதினி மறுத்தால் ஊர் கூடிவிடும்.

தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சி எடுக்கிற நேரமாக இருந்ததால் வந்தவர்களை வாசலில் உட்கார வைத்துவிட்டு முத்துமீனா மட்டும் உள்ளே போனாள். குழாயைத் துடைத்து முடித்துக் குனிந்து கேட்டாள். "முனீசு மகனுக்கு நம்ம வாணியக் கேக்குறா. படிப்ப நிறுத்திரணுமாம். குடுக்கவா மாமா?"

இமை ஒரு தடவை மூடித் திறந்தது. இன்னொரு தடவை மூடும் என்று அவள் காத்திருந்தாள். மூடவில்லை. கண்ணை நன்றாகத் திறந்து அவளையே பார்த்தார்.

வெளியே வந்து, "ரெண்டு தடவ மூடிட்டாரு. வேண்டாமாம்" என்றாள்.

முனீஸ்வரி உள்ளே வந்து தானே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோசக்காரி. "எங்கண்ணனே வேண்டாம்னுட்டாரா? அப்ப அந்த மொகத்தப் பாக்க மாட்டேன்" என்று தாம்பாளத்தை வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் போனாள். போனவள் இரண்டு வருசம் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் இமையும் விழுந்துவிட்டது.

பொய்யைவிடப் பெரிய வினை அன்று சாயங்காலம் நடந்தது. விசயம் தெரிந்த தமிழ்வாணி ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "எனக்காகத் தங்கச்சியவே பகைச்சிக்கிட்டீங்களேப்பா" என்று அழுதாள். அவர் அதையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். முத்துமீனா கதவுக்குப் பின்னால் நின்றாள். அன்றிலிருந்து அவரைத் துடைக்கிறாள், புரட்டிப் போடுகிறாள், குழாயில் கஞ்சி ஊற்றுகிறாள், கண்ணை மட்டும் பார்ப்பதில்லை. யார் எதைக் கேட்டாலும், "அவருக்கு அதான் இஷ்டம். மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பழகிவிட்டாள். புருசன் மனசறிந்த பெண்டாட்டி என்று தெருவே அவளைக் கொண்டாடியது.

பிழைப்பு பருத்திப்பால். ஊறிய பருத்திக்கொட்டையைக் கிரைண்டரில் ஆட்டி, துணியில் போட்டுப் பிழிந்து, மறுபடியும் ஆட்டி மறுபடியும் பிழிய வேண்டும். கை வலிக்கப் பிழிந்தால்தான் பால் இறங்கும். அதை அடுப்பில் ஏற்றி, பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ போட்டு இறக்க வேண்டும். மாவு விட்ட பிறகு கரண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடிபிடித்துவிடும். பிழிந்த சக்கையை எதிர்வீட்டுக்காரர் மாட்டுக்கு வாங்கிப் போவார். வெயில் தாழ்ந்ததும் அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி ரவுண்டானாப் பக்கம் நிறுத்துவாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டியைச் சுற்றி ஆள் நிற்கும்போது, "மதினி, எனக்கொரு டம்ளர் ஊத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது. முத்துமீனா நிமிரவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

"வா முனீசு. எப்ப வந்த?"

"இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறேன். ஒங்க மக போன்ல ஸ்டேட்டஸ் வச்சிருந்தாளாமே, எம்மவன் காட்டினான். எங்கண்ணன் பேசப் போறாராமுல்ல?"

"பேசுறாராக்கும். மூணு வாரமாத் தொப்பிய மாட்டுறாக, கழட்டுறாக. ஒண்ணத்தையும் காணோம்."

"வரும், வரும். வர்றப்ப நான் பக்கத்துல இருக்கணும்ல."

"அக்கா, சுக்கு கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்று ஒரு ஆட்டோக்காரர் டம்ளரை நீட்டினார். முத்துமீனா சுக்குத்தூளைப் போட்டாள். கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது.

"எம்மவனுக்குக் காது குத்தினப்ப, தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்துனோம்" என்றாள் முனீஸ்வரி. கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள். "அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி எங்கண்ணன் என்ன சொன்னாரு? 'முனீசு, எனக்கு மக பெறந்தா இவனுக்குத்தான்'னாரு. நீங்களும் அங்கதான் நின்னீங்க. அந்த வாயி வேண்டாம்னு சொல்லியிருக்குமா மதினி? ரெண்டு வருசமா நான் சோறு திங்கிறப்பல்லாம் இதத்தான் நெனைக்கேன்."

"அப்ப நான் பொய் சொன்னேங்குற."

"நான் சொல்லல. மிஷினு சொல்லட்டும்." டம்ளரைக் காலி பண்ணி வண்டியில் வைத்தாள். "சனிக்கெழமை வாரேன். அவரையும் மகனையும் கூட்டிட்டு வாரேன்."

ஆட்டோக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார். "என்னக்கா, காரம் மண்டைக்கு ஏறுது!"

"சளிக்கு நல்லது. குடிங்க" என்றாள் முத்துமீனா.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக முத்துமீனா செய்த முதல் வேலை, கிண்ணம் நிறைய நல்லெண்ணெய் எடுத்துப் புருசன் தலையில் சொதசொதவென்று வைத்ததுதான். அப்புறம் நிம்மதியாகப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் கொதித்து, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்ட ஆரம்பித்த நேரம் பார்த்து முனீஸ்வரி வந்து இறங்கினாள். பின்னால் சுருளி, அவனுக்குப் பின்னால் நெட்டையாகச் சூரியபிரகாஷ்.

முனீஸ்வரி நேராகக் கட்டிலுக்குப் போனாள். இரண்டு வருசத்துக்கு அப்புறம் அண்ணனைப் பார்க்கிறாள். அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத் தலையைத் தொட்டவள், கையை முகர்ந்து பார்த்தாள்.

"என்னத்தா வாணி, இம்புட்டு எண்ணெயா?"

"அதான் அத்தை, எண்ணெ இருந்தா மிஷின் வேலை செய்யாது. அம்மாவால தூக்கி ஊத்த முடியல."

"ஆளுதான் வந்துட்டோம்ல. சீயக்காய எடு. ஏங்க, அந்தப் பக்கம் புடிங்க. சூரியா, தோளத் தூக்கு. எங்கண்ணனுக்கு நான் தலைக்கு ஊத்துறேன்."

"சளி புடிச்சிரும்!" என்று அடுப்படியிலிருந்து முத்துமீனா கத்தினாள்.

"இந்த வெயில்ல என்னத்த சளி?"

"தொண்டைக் குழாயில தண்ணி போயிரும்!"

"நான் துணி வச்சு மூடிட்டேம்மா. தலைய மட்டும் கட்டிலுக்கு வெளிய சாச்சுத்தான் ஊத்துறோம். நீ பாலப் பாரு" என்றாள் மகள்.

கரண்டியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அன்றைய பிழைப்பு கருகிவிடும். அவள் கிண்டிக்கொண்டே காதைத் தீட்டினாள். தண்ணீர் தகர வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. "எங்கண்ணன் தல இம்புட்டுக்காணு சுருங்கிப் போச்சே" என்று முனீஸ்வரி சொல்வது கேட்டது. சீயக்காய் வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது. நான் தேய்த்து விட வேண்டிய தலை என்று முத்துமீனாவுக்குத் தோன்றியது. பொறாமை வந்தது. பயம் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்தது. எந்த நேரத்தில் கரண்டி நின்றது என்று அவளுக்கே தெரியாது. கருகல் வாடை வந்த பிறகுதான் பார்த்தாள்.

ஹரிஷ்குமார் வந்தபோது முத்திருளன் தலை காய்ந்து, வாரிவிட்டு, திருநீறு பூசி இருந்தது. பையன் முகம் மலர்ந்துபோனது. பசை வைத்துத் தொப்பியை மாட்டினான். லேப்டாப்பை எல்லோரும் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தான். இதுவரை அதில் கிறுக்கலாக இருந்த கோடுகள் அன்று ஒழுங்காக ஓடின.

இடையில் அவனுக்குப் போன் வந்தது. அம்மாவிடம் சௌராஷ்டிரத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தான்.

"என்ன பாஷையில என்னத்தச் சொல்றான்? மிஷினுக்குச் சொல்லிக் குடுக்குறானா?" என்று சுருளி பெண்டாட்டி காதில் கேட்டான்.

"அது அவுக வீட்டுப் பாஷை. சும்மா இருங்க."

ஹரிஷ்குமார் கட்டில் பக்கம் குனிந்தான். "அண்ணே, ஆமான்னு சொல்லணும்னா, வலது கையில கொக்கியப் புடிச்சுக் கட்டுக்கம்பி முறுக்குற மாதிரி நெனைங்க. இல்லன்னு சொல்லணும்னா, ரெண்டு காலாலயும் ஓங்கி உதைக்கிற மாதிரி நெனைங்க. நெனைச்சா மட்டும் போதும்."

இல்லை என்று சொல்ல உதைக்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடுதான். திரையில் நடுவில் ஒரு நீலக் கட்டம். ஆமா என்றால் அது வலப்பக்கம் போகும், இல்லை என்றால் இடப்பக்கம் போகும். ஒரு கேள்வியை மூன்று முறை கேட்டு, மூன்றும் ஒத்து வந்தால்தான் பதிலாக எடுத்துக்கொள்வேன் என்றான்.

"அண்ணே, உங்க பேரு முத்திருளனா?"

கட்டம் கொஞ்ச நேரம் நடுங்கியது. அப்புறம் தயங்கித் தயங்கி வலப்பக்கம் போனது. மூன்று முறையும் போனது.

"நீங்க ஸ்கூல் வாத்தியாரா?"

இடப்பக்கம். சூரியபிரகாஷ் தன்னை அறியாமல் கை தட்டிவிட்டான். தமிழ்வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரில் சாய்ந்து நின்ற முத்துமீனாவுக்கும் மேலெல்லாம் சிலிர்த்தது. அவர் இருக்கிறார். அத்தனை நாளும் உள்ளேதான் இருந்திருக்கிறார். ஒரு நிமிசம் அவளுக்குச் சந்தோசம் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்த ஒரு நிமிசத்தோடு சரி.

"தம்பி, நான் கேக்கலாமா?" என்று முனீஸ்வரி முன்னால் வந்தாள். சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அண்ணே, நான் முனீசு வந்திருக்கேன். எம்மவன் சூரியாவுக்கு வாணியக் கட்டிக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதமாண்ணே?"

கட்டம் வலப்பக்கம் போனது. மறுபடி கேட்டாள். வலப்பக்கம். மூன்றாவது தடவை கேட்கும்போது முனீஸ்வரியின் குரல் உடைந்திருந்தது. அதற்கும் வலப்பக்கம்தான்.

தமிழ்வாணிதான் முதலில் பேசினாள். அப்பாவின் கால்மாட்டில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். "அப்பா, அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது நீங்கதானப்பா?"

கட்டம் இடப்பக்கம் போனது.

"இன்னொரு தடவை பாக்கலாம்" என்று ஹரிஷ்குமார் சங்கடத்தோடு சொன்னான். மறுபடியும் இடப்பக்கம். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் முத்துமீனா.

"கேட்டுக்கிட்டீகளா! எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா!" முனீஸ்வரி மார்பில் அறைந்துகொண்டாள். "கூடப்பொறந்தவன் வாக்க மாத்திச் சொன்ன வாயி வெளங்குமா? ரெண்டு வருசம் எங்கண்ணன் மொகத்துல முழிக்காமச் செஞ்சியேடி! அவரு பேசமாட்டாருன்னுதான அந்தத் துணிச்சலு? எண்ணெயத் தேச்சுத் தேச்சு வச்சது எதுக்குன்னு இப்பல்ல தெரியுது!"

"நடந்தது நடந்துபோச்சு" என்று சுருளி தொண்டையைச் செருமினான். "பெத்தவரு வாக்குக் குடுத்தாச்சு. இனி என்ன பேச்சு? வெத்தலைய மாத்து."

முனீஸ்வரி பையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்தாள். தயாராகத்தான் வந்திருந்தாள். அண்ணனின் செத்த கையைத் தூக்கி, உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து விரல்களை மடக்கினாள். அந்தக் கையிலிருந்து திரும்ப அவள் வாங்கிவிட்டால் வாக்கு முடிந்தது. அப்புறம் அதை அந்தச் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது.

அவள் வாங்குவதற்கு முன்னால் முத்துமீனா வந்து அந்த விரல்களைப் பிரித்தாள். வெற்றிலையை எடுத்தாள். அண்ணன் கை வெற்றிலையை மதினி பிடுங்குவதை அந்த வம்சத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பாக்கு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"இத எடுத்துக்கிட்டுக் கெளம்பு முனீசு. எம்மகளத் தர மாட்டேன்."

"நீ யாரு சொல்றதுக்கு? வந்தவ நீ. ஒஞ்சொல்லு சபையில ஏறாது."

"ஏறாட்டிப் போகுது. இம்புட்டு நாளா 'அவரு சொல்றாரு, அவரு சொல்றாரு'ன்னே சொல்லிட்டுக் கெடந்தேன். இப்ப அவருக்கு வாயி வந்துருச்சு. அவரு சொல்ல அவரு சொல்லிட்டாரு. எஞ்சொல்ல நான் சொல்றேன். தர மாட்டேன். போயி ஊரக் கூட்டு. ஊருக்கு முன்னாடியும் இதத்தான் சொல்லுவேன்."

"அண்ணே, பாத்தீங்களாண்ணே, ஒங்களுக்கு முன்னாடியே..." என்று முனீஸ்வரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

சூரியபிரகாஷ் முகம் கறுத்துப்போய் நின்றான். "எந்திரிம்மா. என்னைய என்ன சந்தை மாடுன்னு நெனைச்சீங்களா, ஆளாளுக்கு இழுக்குறதுக்கு? வேணாங்குறவளக் கட்டி நான் என்னத்தச் செய்ய? எந்திரி, போவோம்." மாமன் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். அத்தை பக்கம் திரும்பவே இல்லை.

வாசல்படியில் நின்று முனீஸ்வரி சொன்னாள். "எங்கண்ணன் செத்தா கேதத்துக்குச் சொல்லி விடு. அதுக்குத்தான் இனி இந்தப் படிய மிதிப்பேன்." கட்டிலில் கிடந்தவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.

தமிழ்வாணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போற?"

"எங்கயோ போறேன்." நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "எனக்காகப் பேசினது அப்பான்னு ரெண்டு வருசமா அவரு காலத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் காலேஜுக்குப் போறேன். அவரு அத எப்படித் தாங்கிக்கிட்டுக் கெடந்தாரு? நீ எப்படிப் பாத்துக்கிட்டு நின்ன? நீதான் சொன்னேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ஒன்னையக் கும்புட்டிருப்பேன்லம்மா." பதிலுக்கு நிற்காமல் சந்தில் இறங்கி நடந்தாள்.

வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அடுப்படியிலிருந்து கருகல் வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது. ஹரிஷ்குமார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் லேப்டாப்பையே பார்த்தான். அப்புறம் எழுந்து, தொப்பியின் வாரைத் தளர்த்தக் குனிந்தான்.

"கழட்டாத தம்பி."

"அக்கா, அண்ணனுக்கு அசதியா இருக்கும். அடுத்த வாரம்..."

"இருக்கட்டும். எனக்கும் அசதியாத்தான் இருக்கு. எங்களுக்குள்ள ஒரு பேச்சு பாக்கி கெடக்கு. நீ அந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்துக்க."

அவன் திரும்பி உட்கார்ந்துகொண்டான். முத்துமீனா முக்காலியை இழுத்துப் போட்டாள். புருசன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். விழுந்து கிடந்த இமைகளைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"ஆமா மாமா. நீங்க ஒரு தடவதான் மூடுனீங்க. தெரிஞ்சேதான் ரெண்டுன்னு சொன்னேன். பெத்த மகள ஒரு வார்த்த கேக்காம எப்படிக் கண்ண மூடுனீங்க? தங்கச்சி மனசு கோணக் கூடாதுன்னு பாத்தீங்க. தெனம் ஒங்க விரல நீவி விடுறாளே, அவ மனச யாரு பாக்குறது? காது குத்துல சொன்ன சொல்லு ஒங்களுக்குப் பெருசாப் போச்சு. பீத்துணி அலசுறேன், சளி எடுக்குறேன், நல்ல பொண்டாட்டின்னு தெருவே சொல்லுது. நான் எப்பேர்ப்பட்டவன்னு ஒங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். உள்ளுக்குள்ளயே கெடந்து ரெண்டு வருசமா என்னைய என்னென்ன ஏசுனீங்களோ. ஏசுனா நேருல ஏசுங்க. நானும் பதிலுக்கு ஏசுறேன்."

மூச்சு வாங்கியது அவளுக்கு. தொண்டைக் குழாயில் அவருடைய மூச்சும் வேகமாகச் சீறிக்கொண்டிருந்தது.

"எம்மேல கோவமா?"

நீலக் கட்டம் இந்தத் தடவை நடுங்கவில்லை, தயங்கவில்லை. விட்டெறிந்த மாதிரி வலப்பக்கக் கோடியில் போய் நின்றது. மூன்று தடவை கேட்க வேண்டிய வேலையே இல்லை.

"எனக்குந்தான்" என்றாள் முத்துமீனா. சேலையால் முகத்தைத் துடைத்துவிட்டு, முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.